மையத்து வீட்டுச் சோறு

சாஹுல் ஹமீது மச்சான் ஜபாரின் கண்களை மூடிவிட்டார், தாடையைத் துணியால் கட்டினார், கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். பிறகு நேரே பின்முற்றத்துக்குப் போய், கொட்டிலில் எரிந்துகொண்டிருந்த பெரிய அடுப்பில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். சாம்பல் குபுக்கென்று கிளம்பிக் கிடுகுக் கூரைவரை போனது. கிடாரத்தில் பருப்பு பாதி வேக்காட்டில் நின்றுவிட்டது.

ஜெமீலா குசினி வாசலில் நின்று அதைப் பார்த்தாள். கையில் இன்னும் பிளேன்டீக் கோப்பை இருந்தது.

“மையத்து வீட்டுல அடுப்பு எரியக் கூடாது புள்ள,” என்றார் சாஹுல் ஹமீது, தங்கைக்கு அது தெரியாது என்பதுபோல.

அவளுக்குத் தெரியும். மூன்று நாளைக்கு அந்த வீட்டில் நெருப்பு மூட்டமாட்டார்கள். அக்கம்பக்கத்தார் சமைத்துக் கொண்டுவருவார்கள். தில்லையடியில் பிறந்து வளர்ந்த யாருக்கும் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவளுக்கு விளங்காதது வேறு. “ஒரு பிளேன்டீ தா” என்று கதிரையில் உட்கார்ந்த மனிதர், அதை ஊற்றிக்கொண்டு வருவதற்குள் எப்படி இல்லாமல் போனார் என்பதுதான் விளங்கவில்லை.

ஜபார் எதையும் ஆரவாரமாகச் செய்தவரல்ல. விடியற்காலை ஸுபஹ் தொழுதுவிட்டு வந்தார், அடுப்பை மூட்டினார், பருப்பைப் போட்டார், உட்கார்ந்தார், மௌத்தாகிவிட்டார். அவள் தேநீரைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கொண்டுபோனாள். முதல்நாள் மாலைக் கோபம் ஆறியிருக்கவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே போட்டுவிட்டுச் சத்தம் போட்டிருந்தாள்.

“நாளைக்கு ஒரு நாளாவது இந்த அடுப்ப மூடுங்க. ஒரே ஒரு நாள். எனக்கு ஏலாது.”

ஜபார் வழக்கம்போலச் சிரித்துவிட்டுச் சட்டிகளை அடுக்கப் போனார். இப்போது அடுப்பு மூடியாயிற்று. நான் வாய் வைத்ததுதான் பலித்ததோ என்று அவள் நினைத்தாள். அப்படி நினைப்பது ஈமானுக்கு நல்லதல்ல என்றும் நினைத்தாள். இரண்டு நினைப்பும் போகவில்லை.

அந்த அடுப்புக்கு இருபது மாதமாகிறது. வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் சனம் உடுத்த உடுப்போடு வந்து புத்தளத்தில் இறங்கியபோது ஊரே எழும்பிச் சமைத்தது. பள்ளிவாசல் முற்றம், பாடசாலை முற்றம், கடைத்தெரு எங்கும் கிடாரங்கள். மூன்று மாதத்தில் ஊர் களைத்துவிட்டது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை; உப்பளத்தில் நாள்கூலிக்கு நிற்பவன் எத்தனை நாளைக்குத்தான் ஊருக்குச் சோறு போடுவான்? நிவாரண அரிசியும் வரத் தொடங்கியிருந்தது. குடும்ப அட்டையும் அடுப்பும் உள்ளவர்கள் அதை வைத்துச் சமாளித்தார்கள். இரண்டும் இல்லாதவர்கள் மிஞ்சினார்கள். தனித்துப்போன வயசாளிகள், நோயாளிகள், வரும் வழியில் தன் ஆட்களைத் தவறவிட்டவர்கள் என்று முகாமின் கோடியில், ஓலை மண்டபத்தில், எண்பத்து நாலு பேர். ஜபாரும் நாலைந்து கடைக்காரர்களும் சேர்ந்து அவர்களுக்குப் பகல் சோற்றை ஏற்றுக்கொண்டார்கள். கடைக்காரர்கள் அரிசி, பருப்பு, தேங்காய் அனுப்பினார்கள். சமையல் ஜபார் வீட்டுப் பின்முற்றத்தில் நடந்தது. அதாவது ஜெமீலாவின் தலையில்.

இதில் ஜபாருக்கென்று ஒரு முறை இருந்தது. யாரையும் வரிசையில் நிற்கவைக்கமாட்டார். சாயங்காலமே எண்பத்து நாலு பேருடைய சட்டிகளும் கொட்டிலுக்கு வந்துவிடும். எனாமல் கோப்பை, அலுமினியச் சட்டி, பால்மா டின் என்று என்னென்னவோ. ஒவ்வொன்றிலும் ஒரு நூல் கட்டியிருக்கும். பச்சை நூல் பல்லில்லாதவர்களுக்கு, சோறு குழைவாக இருக்க வேண்டும். சிவப்பு நூலுக்கு உறைப்புக் கூடாது. நீல நூலுக்கு மீன் ஆகாது. மறுநாள் பகல் எல்லாவற்றையும் நிரப்பி, மூடி, கைவண்டியில் ஏற்றி அனுப்புவார். வீட்டிலிருந்து சாப்பாடு வருவதுபோல வரவேண்டுமாம். முகாமிலிருந்து யாராவது தேங்காய் துருவித் தரவா, விறகு பிளந்து தரவா என்று வந்து நின்றால், உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்.

“விருந்தாளிட்ட வேல வாங்குறதா?” என்பார்.

விருந்தாளி இரண்டு நாள் இருப்பான், மூன்று நாள் இருப்பான். இருபது மாதம் இருக்கிறவனுக்கு என்ன பெயர் என்று ஜெமீலா பலமுறை கேட்டிருக்கிறாள். அவருடைய மரியாதையெல்லாம் அவளுடைய இடுப்பில்தான் வந்து விடிந்தது. பன்னிரண்டு கொத்து அரிசியை ஒவ்வொரு நாளும் புடைத்து, களைந்து, அரித்துப் பாருங்கள், தெரியும்.

எட்டு மணிக்குள் வீடு நிறைந்துவிட்டது. ஆண்கள் முன்முற்றத்தில் கதிரைகளைப் போட்டார்கள். தபால் கந்தோரிலிருந்து ஜித்தாவில் இருக்கும் மகனுக்குக் கோல் எடுக்க ஒருவர் போனார். பெண்கள் மையத்தைச் சுற்றியிருந்து யாசீன் ஓதினார்கள். ஜெமீலாவும் ஓதினாள், பாதியில் எந்த ஆயத்தில் நிற்கிறோம் என்று தெரியாமல் போய் மறுபடி தொடங்கினாள். ஜபாரின் முகம் வழக்கம்போலவே இருந்தது. ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற முகம்.

பத்து மணியளவில் பள்ளிவாசல்துறையிலிருந்து மனுவேல் வந்தான். கிழமைக்கு ஒருநாள் சைக்கிளில் ஒரு பெட்டி மீன் கொண்டுவருவான். கொட்டில் சோற்றுக்கு அவனுடைய பங்கு அது. யாரும் கேட்டுக் கொடுத்ததல்ல. அவனுக்குச் செய்தி தெரியாது. முற்றத்துக் கூட்டத்தைக் கண்டதும் சைக்கிளைப் பிடித்தபடியே நின்றுவிட்டான்.

“இண்டைக்கு அடுப்பு இல்ல மனுவேல்,” என்றார் சாஹுல் ஹமீது.

மனுவேல் உள்ளே வந்து முகம் பார்த்தான். சிலுவை போடக் கையைத் தூக்கியவன், இடம் நினைவு வந்து கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டான். பிறகு மீன்பெட்டியோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே போனான்.

பதினொரு மணிக்கு முதல் சஹன் வந்தது. ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய தட்டு. சோற்றைக் குவித்து, கறிகளை மேலே வைத்து, துணியால் மூடியிருந்தது. அதற்குப் பின்னால் ஒன்று. அப்புறம் மூன்று சேர்ந்தாற்போல. ஜபார் யாருக்கும் ஒரு கெடுதல் செய்யாத மனிதர், அதனால் ஊரே சமைத்தது. கடைத்தெருக்காரர்கள் சேர்ந்து நெய்ச்சோறே அனுப்பிவிட்டார்கள். சாதாரணமாக மையத்து வீட்டுக்குப் பருப்பும் கருவாடும்தான் வரும். இது என்னவோ கலியாண வீடு போலாயிற்று. ஒரு வீட்டார் கோழி வைத்தனுப்பினால் அடுத்த வீட்டார் சும்மா இருப்பார்களா? நடு அறையில் பாய் விரித்து, சஹன்களை வரிசையாக வைத்தார்கள். சாஹுல் ஹமீது அவற்றைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“மச்சானுக்கு எவ்வளவு மதிப்பு பாத்தியா?” என்றார்.

பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு மையத்தை எடுத்தார்கள். கடைசியாக ஒருமுறை பார்க்கச் சொன்னபோது ஜெமீலா பார்த்தாள். மையத்தைச் சுமந்த சந்தூக் வாசலைத் தாண்டியதும் பெண்கள் அவளைக் கைபிடித்துப் பின்னறைக்குக் கூட்டிப்போனார்கள். வெள்ளைச் சேலை கொடுத்தார்கள். முற்றத்துப் பக்க யன்னலைச் சாத்தினார்கள். வாசலில் சீலை தொங்கியது. இத்தா. நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் அவள் அங்கே இருக்க வேண்டும்.

மையவாடியிலிருந்து திரும்பியதும் சாஹுல் ஹமீது சீலைக்கு வெளியே வந்து நின்றார்.

“எல்லாம் நல்லபடி முடிஞ்சிது. வழியில ஆமி சென்றியில மறிச்சி அட்ட பாத்தாங்க, பொறகு விட்டுட்டாங்க.” கொஞ்சம் இருமினார். “இனி நீ ஒண்டுக்கும் யோசிக்காத. முத்தத்துல ஆம்புளயள் வந்துபோற வேல சரிவராது. கொட்டில நாளைக்கே பிரிச்சிருவம். கடக்காரங்கள்ட்டயும் சொல்லிட்டன். மௌத்துக்குப் பொறகு ஒன்ன ஒருத்தரும் குத்தம் சொல்ல மாட்டாங்க.”

“முகாம்ல?”

“பள்ளிவாசல் நிருவாகம் பாக்கட்டும். இல்லாட்டி அரசாங்கம் பாக்கட்டும். ஒண்ட மனுசன் ஒருத்தர்தான் ஊருல இரிந்தாரா?”

அவர் நல்ல நோக்கத்தில்தான் சொன்னார். இந்த இருபது மாதத்தில் அண்ணன் என்று அவரிடம் போய் “எப்ப நானா இது முடியும்?” என்று மூக்கைச் சிந்தியவள் அவள்தான். ஜெமீலா சுவரில் சாய்ந்து காலை நீட்டினாள். நாலு மாதம் பத்து நாள். உப்பு எங்கே, விறகு எங்கே என்று யாரும் கேட்கமாட்டார்கள். மார்க்கமே கொடுத்த லீவு. உடம்பு முழுவதும் ஒரு தளர்ச்சி இறங்கியது. கணவனைக் கொண்டுபோய் மண்ணில் வைத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை என்று நினைத்து வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டும் அந்தத் தளர்ச்சி போகவில்லை. சுகமாகவே இருந்தது.

கண் அசந்துபோகிற நேரத்தில் யன்னலுக்கு வெளியே மனுவேலின் குரல் கேட்டது. சாஹுல் ஹமீதிடம் பேசிக்கொண்டிருந்தான்.

“அந்த மீன முகாமுக்குக் கொண்டுபோனன் நானா. ஓல மண்டபத்துல ஒருத்தரும் தொடல்ல. வேணாமாம். கெழவர்மாரெல்லாம் சுருண்டு படுத்துக் கெடக்காங்க.”

“ரேஷன் வந்திரிக்கும். சமச்சிச் சாப்பிட்டிருப்பாங்க.”

“எங்க வந்த? இந்தக் கிழம லொறியே வரல்லயாம். மண்டபத்துப் பக்கம் ஒரு புகயக் காணல்ல. எனக்கென்னமோ சரியாப் படல்ல.”

“இண்டைக்கு மௌத் வீடு மனுவேல். நாளைக்குப் பாப்பம்.”

ஜெமீலா எழுந்து உட்கார்ந்தாள். அறை மூலையில் சபுறா உம்மா இருந்தாள். எருக்கலம்பிட்டிக்காரி, கண்பார்வை முக்கால்வாசி போனவள். எண்பத்து நாலு பேரில் ஒருத்தி. காலையில் முகாம் பெண்களோடு வந்தவள், மற்றவர்கள் போன பிறகும் போகவில்லை. பகல் எல்லாரும் சஹனைச் சுற்றி உட்கார்ந்தபோது அவளையும் கூப்பிட்டார்கள். சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்னது ஜெமீலாவின் காதிலும் விழுந்தது.

“சபுறா உம்மா, காலையிலேருந்து என்ன சாப்பிட்டீங்க?”

“அதெல்லாம் ஆச்சு மகள்.”

“என்ன ஆச்சு? சட்டியெல்லாம் இங்க கொட்டிலுக்குள்ள கெடக்கு. சோறு இங்கேருந்து வரல்ல. எதுல வாங்கிச் சாப்பிட்டீங்க?”

சபுறா உம்மா தஸ்பீஹ் மணியை இரண்டு மூன்று தடவை உருட்டினாள்.

“நாங்க நோன்பு மகள்.”

“என்ன நோன்பு? இது நோன்பு மாசமா?”

“சேதி வரக்குள்ள எட்டு மணியிரிக்கும். ஸுபஹுக்குப் பொறகு ஒருத்தரும் ஒண்டும் வாயில வெக்கல்ல. வெக்கிறதுக்கு என்ன இரிந்திச்சி? லுஹருக்கு முந்தி மனசுல நிய்யத்து வெச்சா சுன்னத்து நோன்பு கூடுமெண்டு எங்கட பள்ளிவாசல் லெப்ப சொன்னாரு. ஜபார் தம்பிட பேருல எல்லாரும் நோன்பு வெச்சிட்டம். சீக்காளி ஏழெட்டுப் பேருக்கு மட்டும் பக்கத்துக் குடும்பங்கள் கஞ்சி குடுத்தாங்க.”

“ஒரு சொல்லுச் சொல்லியனுப்பியிருக்கலாந்தானே?”

“மையத்து வீட்டுக்கு ஆளனுப்பிச் சோறு கேக்குறதா?” சபுறா உம்மாவின் குரல் முதல்முறையாகக் கொஞ்சம் உயர்ந்தது. “நாங்க அப்பிடி வளந்த ஆக்களில்ல மகள். ஊருல இரிந்தா இண்டைக்கு நாங்கதான் ஒங்களுக்குச் சமச்சி அனுப்பியிருப்பம். அதுக்கு வழியில்ல. எங்கள்ட்ட இரிந்தது பசி ஒண்டுதான். அதக் குடுத்தம்.”

ஜெமீலாவுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார்மீது என்று பிரித்துச் சொல்ல முடியாத கோபம். இவர்களை விருந்தாளிகள் என்று சொல்லிச் சொல்லியே வைத்திருந்த மனிதர்மீது வந்தது. விருந்தாளிகளாகவே இருந்து காட்டிவிட்ட இவர்கள்மீதும் வந்தது. நேற்றுப் பகல் சாப்பிட்டதுதான். அதற்குப் பிறகு ஒரு பிடி கிடையாது. நடு அறையிலோ நெய்ச்சோறும் கோழியும் ஈ மொய்த்துக் கிடக்கின்றன. வருகிற பெண்கள் கடமைக்கு ஒரு பிடி தின்றுவிட்டு எழும்புகிறார்கள். இருபத்து மூன்று சஹன் வந்ததில் எட்டைக்கூட முழுதாக முடித்திருக்கமாட்டார்கள்.

வாசல் சீலைக்குப் பக்கத்தில் இருந்த பெண்களைக் கூப்பிட்டாள்.

“கொட்டிலுக்குள்ள இருக்கிற சட்டியெல்லாத்தையும் இங்க கொண்டுவாங்க. பின்வாசலால கொண்டுவாங்க. நூல் ஒண்டும் அறுந்துடாம.”

“எங்க, இத்தா அறைக்குள்ளயா?” என்றாள் ஒருத்தி.

“நான் வெளிய வர ஏலாதுதானே. அதுதான் உள்ள வரணும்.”

சட்டிகள் வந்தன. பாய், கட்டில், அலுமாரியின் கால்மாடு எங்கும் சட்டிகள். ஜெமீலா நடுவில் உட்கார்ந்தாள். அடுத்தது சஹன்கள் வந்தன. நெய்ச்சோறு பல்லில்லாதவர்களுக்கு ஆகாது. பருப்பும் வெள்ளைச் சோறும் வந்த சஹனை எடுத்துக் கையால் பிசைந்து பச்சை நூல் சட்டிகளில் வைத்தாள். சிவப்பு நூலுக்குப் பருப்பும் வாழைக்காய்ப் பாற்கறியும். கருவாடு நீல நூலுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டாள். ஆறு பேருக்கு வைத்த சஹனை எட்டுப் பேருக்குப் பங்கிடலாம். பெண்கள் சுற்றி நின்று, எது எதற்கு என்று அவள் சொல்லச் சொல்ல எடுத்துக் கொடுத்தார்கள். இடுப்பு வலித்தது. பழகிய வலி.

சத்தம் கேட்டுச் சாஹுல் ஹமீது சீலையோரம் வந்தார். நிறையப் பெண்கள் இருந்ததால் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினார்.

“என்ன செய்ற ஜெமீலா? இத்தாவுல இரிக்கிற பொம்புள செய்ற வேலயா இது?”

“இத்தாவுல சோறு போடக் கூடாதெண்டு எந்தக் கிதாபுல இரிக்கி நானா?”

“மையத்து வீட்டுக்கெண்டு வந்த சோறு புள்ள. அத வெளிய அனுப்பினா தந்தவங்க என்ன நெனப்பாங்க? எங்கட சோறு ஒங்களுக்கு ஆகாதாண்டு கேக்க மாட்டாங்களா? ஊருல எனக்குத் தல காட்ட ஏலாமப் போகும்.”

“நோன்பு பிடிச்சவங்களுக்கு நோன்பு திறக்கக் குடுக்கிற சோறு நானா இது. ஒங்கட மச்சான்ட பேருல எழுவது எம்பது பேரு காலையிலேருந்து பசிச்சிக் கெடக்காங்க.”

ஊரில் யாரிடமும் எடுத்துச் சொல்லக்கூடிய நியாயம் அது. சாஹுல் ஹமீதால் மறுக்க முடியாதது.

“ஆரு சொன்ன?” என்றார்.

“சபுறா உம்மா இங்கதான் இரிக்காங்க.”

வெளியே அவர் மனுவேலைக் கூப்பிடுவது கேட்டது. கைவண்டியின் சில்லுக்கு எண்ணெய் போட்டதா என்று கேட்டார். பேரீச்சம்பழம் வாங்கிவரக் கடைக்கு ஆள் அனுப்பினார். தண்ணீருக்கு இரண்டு குடம் போதாது, நாலு வேண்டும் என்று யாரையோ ஏசினார். அஸர் தொழுத கையோடு வண்டி புறப்பட்டது. மனுவேல் முன்னால் இழுக்க, ஊரில் தலை காட்ட முடியாமல் போகும் என்று பயந்தவர் தலைத்தொப்பியோடு பின்னால் தள்ளிக்கொண்டு கடைத்தெரு வழியாகவே போனாராம். பெண்கள் வந்து சொன்னார்கள்.

அறையில் ஜெமீலாவும் சபுறா உம்மாவும் மிஞ்சினார்கள். சபுறா உம்மாவின் சட்டி நிரப்பப்படாமல் இருந்தது. அதற்குப் பதிலாக ஒரு சஹனை ஜெமீலா நிறுத்தி வைத்திருந்தாள்.

“இங்க என்னோட நோன்பு திறங்க.”

“மையத்து வீட்டாக்கள்ட சோறு...”

“மையத்து வீட்டாள் நான்தான். நான்தான் கூப்பிடுறன்.”

சபுறா உம்மா மறுக்கவில்லை. கச்சான் காற்று கூரை ஓடுகளை அசைத்துக்கொண்டிருந்தது. வாவிக்கு மேலால் ஒரு ஹெலிகொப்டர் வடக்கே போனது. அதன் சத்தம் ஓய்ந்ததும் ஜெமீலா சொல்லத் தொடங்கினாள். யாரிடமும் சொல்லாததை, தன் முகத்தைச் சரியாகப் பார்க்க முடியாத ஒருத்தியிடம் சொல்வது இலேசாக இருந்தது.

“நான்தான் நேத்துச் சொன்ன. ஒரு நாளைக்கு அடுப்ப மூடுங்க எண்டு நான்தான் சொன்ன, சபுறா உம்மா. ஏசினன். கடைசியாக் கேட்ட பிளேன்டீயக்கூட சுறுக்காக் குடுக்கல்ல.”

இப்போது அழுகை வந்தது. பகல் முழுவதும் வராதது. சபுறா உம்மா அவளைத் தட்டிக்கொடுக்கவோ, அழாதே என்று சொல்லவோ இல்லை. அழுது முடியும்வரை தஸ்பீஹை உருட்டிக்கொண்டிருந்தாள்.

“மனுசிமார் ஏசுறதுதானே,” என்றாள் பிறகு. “நான் எங்கட ஆளுக்கு ஏசாத ஏச்சா? அவர் மௌத்தாகிப் பதினாறு வருசம். இப்பயும் சில நேரம் ஏசுவன்.”

பொழுது சாய, மஃரிபுக்குப் பாங்கு கேட்டது. சபுறா உம்மா பேரீச்சம்பழத்தை வாயில் வைத்துத் தண்ணீர் குடித்தாள். ஜெமீலா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அவளுக்கு நிய்யத்தும் இல்லை, நோன்பும் இல்லை. ஆனாலும் பாங்கு முடியும்வரை பொறுத்திருந்துதான் தண்ணீரைக் குடித்தாள். இருவரும் சஹனின் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்தார்கள். இருபது மாதம் இந்தக் கிழவிக்குச் சோறு அனுப்பியிருக்கிறாள். ஒரு தட்டில் கை வைப்பது இதுதான் முதல்தடவை.

வாசலில் சாஹுல் ஹமீதின் செருமல் கேட்டது.

“எல்லாரும் திறந்தாங்க,” என்றார். “சோத்தக் கண்டும் ஒருத்தரும் கை வெக்கல்ல புள்ள. முதல்ல மச்சானுக்கு துஆக் கேட்டாங்க. பொறகுதான் மூடியத் தொறந்தாங்க. நான் இவ்வளவு நாளும் அந்த மண்டபத்துக்குள்ள போனதில்ல. கொட்டிலப் பத்தி... பிரிக்க வரச்சொன்ன ஆக்கள் நாளைக்கு வருவாங்க. என்ன சொல்ல?”

ஜெமீலா வாயிலிருந்த சோற்றை மென்று விழுங்கினாள். நாலு மாதம் பத்து நாள் ஓய்வு கண்ணெதிரே இருந்தது. அதை வேண்டாம் என்று சொல்ல மனதுக்கு விருப்பமில்லை. உடம்புக்கும் இல்லை.

“வரட்டும். கொட்டிலுக்கும் இந்த அறைக்கும் நடுவுல கிடுகால ஒரு மறப்புக் கட்டச் சொல்லுங்க. ஆம்புளயள் வந்துபோனா என்னத் தெரியாம. மூணு நாளைக்கு ஊர்ச் சோறு வரும், அது சட்டிக்குப் போகட்டும். நாலாம் நாள் அடுப்பு மூட்டணும்.”

“ஆரு சமைக்கிற? ஒனக்கு ஏலாதெண்டு நீதானே என்னிட்டச் சொன்ன?”

“ஏலாதுதான் நானா. இப்பயும் ஏலாது.”

ஜெமீலா அடுத்த பிடி சோற்றைப் பிசைந்தாள்.

“எங்கட ஆக்கள்ல மூணு பேரு கலியாணச் சமையக்காரர்,” என்றாள் சபுறா உம்மா, சஹனில் பருப்பைத் தேடிக்கொண்டே. “ஆயிரம் பேருக்கு ஆக்கினவங்க. எனக்கும் கண்ணுதான் இல்ல, கை இரிக்கி. வெங்காயம் உரிச்சா எனக்கு எரியக்கூட எரியாது, எரியிறதுக்கு அங்க ஒண்டுமில்ல.”

ஜெமீலா கையை நிறுத்தினாள்.

“சமையக்காரரா? மூணு பேரா? இந்த இருவது மாசமா?”

“ஓம்.”

“இத ஏன் ஒருத்தரும் சொல்லல்ல?”

“சொல்ல விட்டாத்தானே. ஜபார் தம்பி விருந்தாளி எண்டுட்டாரு. விருந்தாளி எப்பிடி மகள் குசினிக்குள்ள வார?”

ஜெமீலாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வெள்ளைச் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். சீலைக்கு வெளியே நின்ற சாஹுல் ஹமீது, தங்கை அழட்டும் என்று சத்தமில்லாமல் நகர்ந்து போனார்.

சபுறா உம்மா சஹனைத் தடவித் தடவி ஒரு இறைச்சித் துண்டைக் கண்டுபிடித்தாள். அதை விரலால் ஜெமீலாவின் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, தன் பக்கத்து வெறுஞ்சோற்றைப் பிசையத் தொடங்கினாள். ஜெமீலா கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு துண்டைப் பிய்த்து, பெரிய பாதியைக் கிழவியின் விரல் படுகிற இடத்தில் வைத்தாள்.